நீண்ட ட்ரான்சிட்டில் லவுஞ்ச்: டிக்கெட்டுக்குக் காசு கட்டமுன் கேட்கவேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளைப் பார்க்க ரொறன்ரோ, லண்டன், சூரிச், மெல்பேர்ண் என்று போய்வரும் தாய் தகப்பன்மார் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுடைய டிக்கெட்டைப் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையே இணையத்தில் விலை பார்த்து எடுத்து அனுப்புகிறது. இடையில் வேறு விமானத்துக்கு மாற (ட்ரான்சிட்டில்) 9 மணித்தியாலமோ 13 மணித்தியாலமோ காத்திருக்க வேண்டுமென்றால், "அம்மா, நீங்கள் கதிரையில இருந்து கஷ்டப்பட வேண்டாம். லவுஞ்சில போய் இருங்கோ, என்ர பாங்க் காட்டுக்கு அது ஃப்ரீ" என்று போனில் தைரியமும் சொல்லிவிடுகிறது. லவுஞ்ச் என்பது விமான நிலையத்துக்குள் சாப்பாட்டு வசதியோடு இருக்கும் தனி ஓய்வு மண்டபம். அம்மா அந்தச் சொல்லை நம்பி லவுஞ்ச் வாசலுக்குப் போகிறார், அங்கே மறித்துவிடுகிறார்கள். ஒரு விமான நிறுவனத்தில் வந்திறங்கி வேறொரு நிறுவனத்தில் ஏறும் பயணங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. வாசலில் நிற்கும் ஊழியரோடு வாதாடிப் பயனில்லை. டிக்கெட் எடுத்த நாளிலேயே அது முடிவாகிவிட்டது. அதனால்தான் காசு கட்டமுன் கேட்டுத் தெளியவேண்டிய விடயங்களை உங்கள் பத்திரிகை மூலம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் விளங்கவேண்டியது இது. லவுஞ்சில் கேட்பது அடுத்து ஏறப்போகும் விமானத்தின் போர்டிங் பாஸை. வந்திறங்கிய விமானம் எவ்வளவு பெரிய நிறுவனத்தினுடையது, அதில் எந்த வகுப்பில் வந்தீர்கள் என்பதைப் பெரும்பாலான இடங்களில் பார்ப்பதில்லை. பிசினஸ் வகுப்பில் போகிறவர், விமான நிறுவனத்தின் உயர்தர உறுப்பினர், வங்கி அட்டையோடு வருபவர், கையில் காசு கட்டுபவர் என்று எந்த வழியால் போனாலும் அதே போர்டிங் பாஸைத்தான் கேட்பார்கள். அது கையில் இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் இருந்தும் உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டில் போகிறவர் மாட்டுப்படுவது இங்கேதான். ஒரே டிக்கெட்டென்றால் முதல் விமான நிலையத்திலேயே இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் தந்துவிடுவது வழக்கம். இரண்டு டிக்கெட்டென்றால் முதல் நிறுவனம் தன்னுடையதை மட்டும் தரும். இரண்டாவதை ட்ரான்சிட் கவுண்டரில் போய் எடுக்கவேண்டும். அந்தக் கவுண்டரில் குறிப்பிட்ட நிறுவனத்தின் ஆட்கள் விமானம் புறப்படுவதற்குச் சுமார் 3 மணித்தியாலத்துக்கு முன்னர்தான் வந்து அமர்வார்கள். 11 மணித்தியாலம் காத்திருக்கும் ஒருவருக்கு முதல் 8 மணித்தியாலமும் கையில் ஒன்றுமிருக்காது. "ஒன்லைனில் செக்-இன் செய்துகொள்ளலாமே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் கனடா, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு விசாவோடு செல்லும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல நிறுவனங்கள் கைத்தொலைபேசியில் போர்டிங் பாஸ் தருவதில்லை. "ஆவணங்களைக் கவுண்டரில் காட்டவும்" என்ற அறிவித்தலோடு நிறுத்திவிடும். அதை வைத்துக்கொண்டு லவுஞ்சுக்குள் போகமுடியாது.

கையில் இருப்பது ஒரே டிக்கெட்டா, இரண்டா என்று கண்டுபிடிப்பது சுலபம். மின்னஞ்சலில் வந்த இ-டிக்கெட் தாளில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கமும் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தின் குறியீடு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்கு 603, எமிரேட்ஸுக்கு 176, கட்டார் எயார்வேஸுக்கு 157, எயார் இந்தியாவுக்கு 098, பிரிட்டிஷ் எயார்வேஸுக்கு 125, சிங்கப்பூர் எயார்லைன்ஸுக்கு 618, எயார் கனடாவுக்கு 014. போகும் வழியிலுள்ள எல்லா விமானங்களும் ஒரே 13 இலக்க எண்ணின் கீழ் இருந்தால் அது ஒரே டிக்கெட். விமானத்தின் பெயர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு டிக்கெட் எண்ணுக்குள் நான்கு பறப்புகள்தான் அடங்கும். அதற்கு மேலானால் அடுத்த தொடர் இலக்கம் சேரும். அதுவும் ஒரே டிக்கெட்தான். தொடர்பில்லாத இரண்டு எண்கள் இருந்தால், அல்லது முதல் மூன்று இலக்கமும் வேறுவேறாக இருந்தால், அவை இரண்டு டிக்கெட்டுகள். ஒரே தாளில், ஒரே முகவரின் இலச்சினையோடு அச்சிட்டுத் தந்தாலும் இரண்டுதான். சில இணையத்தளங்கள் இப்படி இரண்டு டிக்கெட்டைக் கோத்து ஒரே பயணம்போல விற்கின்றன. "சுயமாக இணைப்பு மாறவேண்டும்" என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு வரி கீழே இருக்கும். விலை 30,000, 40,000 ரூபா குறைவாகத் தெரிவதற்கு அந்த வரிதான் காரணம்.

இரண்டு டிக்கெட்டென்றால் லவுஞ்சை விடப் பெரிய சிக்கல் பொதி. முதல் நிறுவனம் பொதியை இடைநிலையத்தோடு இறக்கிவிட்டால், குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, மறுபடி மேலே போய் செக்-இன் செய்யவேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். லவுஞ்சுகளோ பெரும்பாலும் குடியகல்வையும் பாதுகாப்புச் சோதனையையும் தாண்டி உள்ளே இருக்கின்றன. வெளியே வந்தவர் இரண்டாவது நிறுவனத்தின் கவுண்டர் திறக்கும்வரை லவுஞ்ச் பக்கமே போகமுடியாது.

சென்னை இதற்கு நல்ல உதாரணம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு, கட்டுநாயக்கவுக்கு இரவிரவாக வாகனத்தில் போகாமல் சென்னை வழியே ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. எண்ணம் நல்லது, பறக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவுதான். ஆனால் பலாலி விமானம் பகலில் போய் இறங்கும். சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின், விடியப்புறமாகத்தான் புறப்படும். இடையில் அரை நாள் போய்விடும். ஒரே டிக்கெட்டாக இருந்து, பொதிக்கும் கடைசி இடம்வரை அட்டை ஒட்டியிருந்தால், 24 மணித்தியாலத்துக்குள் இந்திய விசா இல்லாமல் ட்ரான்சிட் பகுதியிலேயே இருந்து மாறலாம். இரண்டு டிக்கெட்டாக இருந்தால் இந்திய விசா கட்டாயம் தேவை; இல்லாவிட்டால் பலாலியிலேயே ஏற்றமாட்டார்கள். விசாவோடு வெளியே வந்தாலும், முனைய வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் கடவுச்சீட்டையும் பார்த்துத்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். நேரத்துக்கு மிக முந்திப் போனால் திருப்பி அனுப்புவதும் உண்டு. இப்படிப் போகிறவர்கள் லவுஞ்சுக்குச் செலவழிக்கும் காசை விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு அறைக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல். மீனம்பாக்கத்திலும் திரிசூலத்திலும் அறைகள் நிறைய உண்டு.

கட்டுநாயக்கவிலும் இதே கதைதான். ஏ-9 வீதியால் இரவு பஸ்ஸில் போய் அதிகாலையில் இறங்கி, மாலை விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் லவுஞ்சுக்கு முற்பணம் கட்டிவைக்க வேண்டாம். லவுஞ்சுகள் குடியகல்வுக்கு அப்பால் இருக்கின்றன. செக்-இன் கவுண்டர் திறக்கும்வரை நீங்கள் வெளி மண்டபத்தில்தான் இருக்கவேண்டும்.

கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு உதாரணம். ரொறன்ரோவிலிருந்து லண்டன் ஹீத்ரோ வரை எயார் கனடாவில் வந்து, அங்கிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கனில் வருகிறார் ஒருவர். கையில் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்ட் உறுப்புரிமை இருக்கிறது. எயார் கனடா வந்து நிற்பது 2ஆம் முனையம். அங்கே ஸ்டார் அலையன்ஸ் நிறுவனங்களின் லவுஞ்சுகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் இவர் அடுத்து ஏறுவது 3ஆம் முனையத்தில் நிற்கும் ஸ்ரீலங்கன். அந்த நிறுவனம் 2014 மே மாதத்திலிருந்து ஒன்வேர்ல்ட் என்ற வேறொரு கூட்டணியில் இருக்கிறது. ஆகவே ஸ்டார் கோல்ட் அட்டை இந்தப் பயணத்தில் லவுஞ்சுக்கு ஒரு பிரயோசனமும் தராது. 3ஆம் முனையத்தில் காசு கட்டிப் போகும் லவுஞ்ச்தான் வழி. இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்து பொதியை ஹீத்ரோவில் எடுக்கவேண்டி வந்தால், கனேடியக் கடவுச்சீட்டுக்காரரும் பிரித்தானியாவுக்குள் நுழைவதற்கான மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. ஹீத்ரோவில் இரவில் விமானங்கள் மிகக் குறைவு, லவுஞ்சுகளும் மூடிவிடும். மாலை இறங்கி மறுநாள் ஏறும் பயணத்துக்கு அங்கே லவுஞ்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை, அறைதான் எடுக்கவேண்டும்.

விசா பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட ட்ரான்சிட் விசா எடுக்கவேண்டிய 12 நாட்டவரில் நாமும் அடக்கம். செல்லுபடியாகும் ஷெங்கன், கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா இருந்தால் விலக்கு உண்டு. பிரித்தானிய விசா மட்டும் இருந்தால் அந்த விலக்கு இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் வந்த மாற்றம் இது. லண்டனுக்கு விசா கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பிராங்க்பேர்ட் வழியாக மலிவான டிக்கெட் எடுப்பவர்கள் கட்டுநாயக்கவிலேயே நிறுத்தப்படுவது இதனால்தான். ஹீத்ரோவில் விமானம் மாறவும் இலங்கையருக்கு ட்ரான்சிட் விசா வேண்டும். கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விசா கையில் இருந்தால் விலக்குப் பெறலாம். லவுஞ்ச் பற்றி யோசிக்கமுன் இதைப் பாருங்கள்.

இனி உள்ளே போகும் வழிகள். கூட்டணிகளைப் பொறுத்தவரை, ஒன்வேர்ல்டில் சஃபையர், எமரல்ட் தர உறுப்பினருக்கு உண்டு, ரூபிக்கு இல்லை. ஸ்டாரில் கோல்டுக்கு உண்டு, சில்வருக்கு இல்லை. அதே கூட்டணி விமானத்தில் ஏறும் ஒரு விருந்தினரைக் கூட்டிச் செல்லலாம். அடுத்த விமானம் அதே நாளில் புறப்படவேண்டும். நள்ளிரவு தாண்டினால் ஒன்வேர்ல்டில் மறுநாள் காலை 6 மணிக்கு முன், ஸ்டாரில் 5 மணிக்கு முன் புறப்படுவதாக இருக்கவேண்டும். எமிரேட்ஸ், எதிஹாட், ஃப்ளைடுபாய், இன்டிகோ ஆகியவை எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லை. அதனால் ஸ்ரீலங்கனில் டுபாய்க்குப் போய் எமிரேட்ஸில் ஏறுகிறவருக்கு ஒன்வேர்ல்ட் அட்டை டுபாயில் உதவாது.

பிசினஸ் வகுப்பு என்றால் லவுஞ்ச் கட்டாயம் உண்டு என்று நினைப்பதும் இப்போது சரியில்லை. எமிரேட்ஸின் மிகக் குறைந்த பிசினஸ் கட்டணத்திலும், கட்டார் எயார்வேஸின் பிசினஸ் லைட் கட்டணத்திலும் லவுஞ்ச் சேர்க்கப்படவில்லை. ஆசனம் அதே ஆசனம், சாப்பாடு அதே சாப்பாடு. லவுஞ்ச் மட்டும் இல்லை. பெற்றோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மேலதிகக் காசு கொடுப்பவர்கள் கட்டண வகையின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

தனக்கென்று லவுஞ்ச் இல்லாத நிறுவனம், அந்த நிலையத்தில் வேறொருவரின் லவுஞ்சோடு ஒப்பந்தம் செய்திருக்கும். பிசினஸ் பயணிக்கு அதற்கான அழைப்புச் சீட்டைச் செக்-இன் கவுண்டரில் தருவார்கள். கொழும்பிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் எடுத்துக்கொண்டவருக்கு அந்தச் சீட்டு கிடைத்திராது. இடைநிலையத்தில் ட்ரான்சிட் கவுண்டருக்குப் போய் அதைக் கேட்டு வாங்கவேண்டும். கேளாவிட்டால் யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

எங்கள் ஆட்களில் கூடுதலானவர்கள் நம்பியிருப்பது வங்கி அட்டையை. கூடுதலான ஏமாற்றமும் அதிலேயே. இந்த வசதி அட்டையில் பெயர் எழுதியிருப்பவருக்கு மட்டும் உரியது. மகனின் கடனட்டையைத் தாய் கொண்டுபோய்க் காட்டினால் செல்லாது. அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் செல்லாது. கடவுச்சீட்டிலும் போர்டிங் பாஸிலும் அட்டையிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும். விருந்தினராகப் போவதென்றால் அட்டைக்காரர் பக்கத்தில் நிற்கவேண்டும். விருந்தினருக்கு இலவசம் இல்லாத அட்டைகளில் ஆளுக்கு 35 அமெரிக்க டொலர் அளவில் பின்னர் கணக்கில் கழிப்பார்கள். வாசலில் காசு கேட்காததால் இலவசம் என்று நினைத்து மூன்று பேரைக் கூட்டிப்போனவருக்கு மாத முடிவில்தான் தெரியவரும். மகளோ மகனோ கூடவே பயணம் செய்யாவிட்டால், பெற்றோரின் பெயரிலேயே லவுஞ்ச் நிறுவனத்தின் இணையத்தளத்தில் முன்பதிவு செய்து, அந்த உறுதிச்சீட்டை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். அதுதான் வழி.

அட்டைத் திட்டங்களும் ஒன்றுபோல் இல்லை. பிரையோரிட்டி பாஸ் என்பது தனி உறுப்புரிமை. வங்கி அதை இலவசமாகத் தந்தாலும், நீங்கள் பதிவுசெய்து உறுப்பினர் அட்டையை அல்லது செயலியில் வரும் கியூ.ஆர். குறியீட்டைப் பெற்றிருக்க வேண்டும். கடனட்டையைக் காட்டினால் வேலை செய்யாது. லவுஞ்ச்கீ திட்டத்தில் நேர்மாறு: கடனட்டையையே காட்டவேண்டும். டிராகன்பாஸில் பெரும்பாலும் செயலிதான். உங்கள் அட்டை எந்தத் திட்டம் என்பதை வங்கிக்குப் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். அதே அழைப்பில் இன்னும் மூன்றைக் கேளுங்கள். வருடத்தில் எத்தனை தடவை இலவசம்? முந்தைய மாதங்களில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருந்தால்தான் கிடைக்குமா? அட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறதா? இலங்கை வங்கிகளின் அட்டைகளில் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வெளிநாட்டுப் பாவனை மூடியிருந்தால் லவுஞ்ச் இயந்திரம் அட்டையை ஏற்காமல் விடலாம். அங்கே நின்று வங்கியோடு பேச உங்கள் சிம் வேலை செய்யாமலும் இருக்கும்.

லவுஞ்ச் நிறைந்துவிட்டால் முதலில் மறிக்கப்படுபவர்கள் அட்டைக்காரர்தான். விமான நிறுவனம் அனுப்பும் பயணிகளுக்கும் முன்பதிவு செய்தவர்களுக்கும் இடம் ஒதுக்கிய பிறகே மற்றவர்கள். டுபாயிலும் டோஹாவிலும் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் விமானங்கள் கூட்டமாக வந்து கூட்டமாகப் புறப்படும். கொழும்பிலிருந்து போகிறவர்கள் இறங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் பொருந்தும். ஒரு மணித்தியாலம் பொறுத்துத் திரும்பிப் போனால் இடம் கிடைப்பதுண்டு.

உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதும் கேட்டுவைக்க வேண்டியது. காசு கட்டியோ அட்டை காட்டியோ போகும் லவுஞ்சுகளில் பெரும்பாலும் 3 மணித்தியாலம்தான். சில இடங்களில் புறப்படும் நேரத்துக்கு 3 மணித்தியாலத்துக்கு முன்னர் உள்ளேயே விடமாட்டார்கள். ஆகவே 12 மணித்தியாலக் காத்திருப்பை லவுஞ்சிலேயே கழித்துவிடலாம் என்ற கணக்குப் பிழை. இருக்கும் 3 மணித்தியாலத்தை எப்போது பாவிப்பது? எங்கள் யோசனை, கடைசி மணித்தியாலங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸ் அப்போது கையில் வந்திருக்கும். குளித்து, உடுப்பு மாற்றி, சூடாகச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு நேரே கேற்றுக்குப் போகலாம். குளியலறைக்குப் பெயர் பதிந்து முறைவரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதால், உள்ளே போன உடனேயே அதைக் கேட்டுவிடவேண்டும். ஒன்று மட்டும் கவனம்: பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு ஒலிபரப்புவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது கைத்தொலைபேசியில் அலாரம் வைக்கவேண்டும். கேற் மூடுவது புறப்படும் நேரத்துக்கு அல்ல, அதற்குச் சுமார் 20 நிமிடம் முன்னர். பெரிய நிலையங்களில் கேற்றுக்கு நடக்கவே 20 நிமிடம் போய்விடும். வயோதிபர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு முன் எழும்பிவிடுவது நல்லது.

10 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட காத்திருப்புக்கு லவுஞ்ச் ஏற்றதல்ல என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். அங்கே இருப்பது கதிரை. கால் வீங்கும் வயதுக்காரருக்குக் கட்டில் வேண்டும். டுபாயிலும் டோஹாவிலும் குடிவரவுக்கு வெளியே போகாமலே தங்கக்கூடிய ஹோட்டல் விமான நிலையத்துக்குள்ளேயே உண்டு. டோஹாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, சாய்கதிரையோடு அமைதி அறைகள் இலவசமாக இருக்கின்றன. போர்டிங் பாஸ் இன்னும் கைக்கு வராதவருக்கு அது பெரிய உதவி. ஒரே டிக்கெட்டில், ஒரே நிறுவனத்தில் போகிறவருக்கு நிறுவனமே இலவசமாக ஹோட்டல் தரும் திட்டங்களும் உண்டு. எமிரேட்ஸின் டுபாய் கனெக்ட் அப்படியானது. அதைவிடக் குறுகிய இணைப்பு விமானம் இல்லாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, பயணத்துக்கு முன்னரே கேட்டுப் பதியவும் வேண்டும். மலிவுக்காக நீண்ட இணைப்பை நீங்களாகவே தெரிவுசெய்திருந்தால் கிடைக்காது. இரண்டு டிக்கெட்டுக்காரருக்கும் கிடைக்காது.

சாப்பாட்டுக் கைப்பை பற்றியும் சொல்லவேண்டும். ட்ரான்சிட்டில் மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. கட்டுநாயக்கவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கைப்பையில் இருக்கும் மாங்காய் ஊறுகாய்ப் போத்தலும் நல்லெண்ணெய்ப் போத்தலும் அங்கே குப்பைத் தொட்டிக்குப் போகும். ஊறுகாயும் அவர்கள் கணக்கில் திரவம்தான். 100 மில்லிலீற்றர் எல்லை இருக்கும் நிலையங்களில் அது அதற்கும் பொருந்தும். கட்டுநாயக்கவில் வாங்கிய தீர்வையற்ற திரவப் பொருட்களின் முத்திரையிட்ட பையைக் கடைசி இடம்வரை பிரிக்கக்கூடாது, பற்றுச்சீட்டும் உள்ளே இருக்கவேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் விமானத்தில் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் கைப்பையில் இருந்தால் பிரித்துச் சோதிப்பார்கள், பறிக்கவும் கூடும். மிளகாய்த்தூளை, எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தாலும், பெரிய பொதியில் வையுங்கள். நீரிழிவுக்காரர் இன்சுலினை மட்டும் கைப்பையில், வைத்தியரின் கடிதத்தோடு வைத்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தை லவுஞ்சை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். கையில் இரண்டு பிஸ்கட் பக்கெட் இருக்கட்டும்.

சில்லு நாற்காலி கேட்டுப் போகும் பெற்றோருக்கு இன்னும் ஒன்று. முதல் டிக்கெட்டில் கேட்ட சில்லு நாற்காலி இரண்டாவது டிக்கெட்டுக்குத் தானாகப் போய்ச்சேராது. இரண்டு நிறுவனத்திடமும் தனித்தனியாக, குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் கேட்டுப் பதியவேண்டும். தள்ளிக்கொண்டு போகும் ஊழியர் பயணியை உதவி தேவைப்படுவோர் அமரும் பகுதியில் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். லவுஞ்சுக்கு அனுமதி இருந்தால் அந்த உறுதிச்சீட்டை அவரிடம் காட்டி அங்கே கொண்டுபோய் விடும்படி கேட்கவேண்டும். திரும்ப எத்தனை மணிக்கு வந்து எடுப்பார்கள் என்பதை லவுஞ்ச் வரவேற்பில் எழுதிக்கொடுக்கச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்திலுள்ள டிக்கெட் முகவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயண விபரத்தாளின் அடியில் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: இது ஒரே டிக்கெட்டா, இரண்டா, பொதி எந்த இடம்வரை போகிறது, இடைநிலையத்தில் இவருடைய கடவுச்சீட்டுக்கு விசா தேவையா, லவுஞ்ச் உண்டென்றால் எந்த முனையத்தில், யார் பெயரில், எத்தனை மணிக்குப் பிறகு. முதல் மூன்றையும் முன்பதிவைத் திறந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகளும் அதே நான்கு வரியை எழுதி அனுப்புங்கள். தாளின் மறுபக்கத்தில் அதையே ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். டோஹாவிலோ ஹீத்ரோவிலோ வாசலில் நிற்பவருக்கு அம்மா அந்தத் தாளை நீட்டினால் போதும்.

இப்படிக்கு,
விமான டிக்கெட் பதிவுத் துறையில் பணியாற்றுவோர் சிலர்,
யாழ்ப்பாணம்.